வாசல் வரைக்கும் நடந்த பேரம்

— ஆக, என் உயிருக்கு விலை ஒரு பிளாஸ்டிக் பை. அப்படித்தானே டாக்டரம்மா? உள்ளங்கை அகலம், தோல் நிறம், தொப்புளுக்குக் கீழே இடது பக்கம். சாகிற வரைக்கும் தொங்கும்.

— அப்படியும் சொல்லிக்கலாம், செயு நசீப். நான் சொன்னது இதுதான்: மலக்குடலோட கடைசித் துண்டையும், அதை மூடித் திறக்கிற தசையையும் சேர்த்து எடுக்கணும். கீழ்வாசலைத் தைச்சு மூடிடணும். மேலே மிச்சமிருக்கிற குடலோட முனையை வயித்துத் தோல் வழியா வெளியே திறந்து விடணும். அதுமேலதான் பை.

— ‘செயு’ன்னு மரியாதையெல்லாம் பலமா இருக்கு. சரி, இது முதல் விலை. இறுதி விலை என்ன?

— இதுதான் இறுதி விலை.

— நியாயமாச் சொல்லுங்க. மார்ச் இருபத்தஞ்சாம் தெருவுல நாப்பது வருஷமா கடை வெச்சிருக்கேன். ஜிகினா, பாசிமணி, இறகு, லேஸு. சாவ் பாவ்லோவில எந்த சம்பா ஆட்டக் கூட்டம் கார்னிவல் திருவிழாவுக்கு ஆடினாலும் பாதிப்பேர் இடுப்புல மின்னுறது என் சரக்கு. முதல் விலையும் இறுதி விலையும் ஒண்ணா இருந்த பொருளை நான் பார்த்ததே கிடையாது.

— டேய் நசீபு, இது ஜிகினா இல்லடா. அவங்க சொல்றதை முழுசாக் கேளு.

— அக்கா, நீ கொஞ்சம் சும்மா இரு. வாங்குறவன் பக்கம் ரெண்டு பேர் பேசினா விக்கிறவங்களுக்குத் துணிச்சல் வந்துடும்.

— உங்க அக்கா தோனா வதீஹா பேசட்டும். உங்களை இங்க திரும்பக் கூட்டிக்கிட்டு வந்தது அவங்கதானே. அடுத்தது, வேற என்ன கேட்கணும்?

— போன வருஷத்து விலை. கார்னிவல் முடிஞ்ச வாரம், இதே நாற்காலி, இதே நீங்க. வயித்துல ஒரு கீறல்கூட வேண்டாம்னீங்க. கீழ்வழியாவே ஒரு குழாயை வெச்சு, அது வழியா கேமராவையும் கருவியையும் அனுப்பி, கட்டியை மட்டும் சுத்தியுள்ள தோலோட அறுத்து எடுத்துடலாம், மறுநாள் வீட்டுக்குப் போகலாம்னீங்க. எனக்கு அந்த விலை சம்மதம். முடிச்சுக்கலாம்.

— அந்தச் சரக்கு இப்ப இல்ல.

— கிடங்குல தேடிப் பாருங்க.

— ஸ்கேனைத் தேடிப் பார்த்துட்டேன். அன்னைக்குக் கட்டி குடலோட உள்தோல்ல மட்டும் உட்கார்ந்திருந்துச்சு. ஒரு கொண்டைக்கடலை அளவு. இப்ப குடல் சுவரைத் தாண்டிப் போய் அந்தத் தசைக்குள்ள வேர் விட்டிருக்கு. இதோ, இந்தச் சாம்பல் நிறம் தசை. அதுக்குள்ள வெளுப்பாத் தெரியுது பாருங்க, அதுதான்.

— எனக்கு எல்லாம் சாம்பலாத்தான் தெரியுது.

— துணி நிறத்துல அரை நிழல் வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கிறவர் நீங்க. உங்களுக்குத் தெரியுது.

— சரி, தெரியுது. அடுத்த பேச்சு. ரோபோ வெச்சு வெட்டி, கெட்ட துண்டை எடுத்துட்டு, மேல் குடலையும் கீழ் வாசலையும் ஒட்டுப் போடுறாங்களாமே? கொஞ்ச மாசத்துக்குத்தான் பையாம், அப்புறம் கழட்டிடுவாங்களாம். எனக்கு விசாரிக்கத் தெரியாதுன்னு நினைக்காதீங்க.

— நல்லா விசாரிச்சிருக்கீங்க. நானும் அதைச் செய்யுறேன். ஆனா ரெண்டு துணியைச் சேர்த்துத் தைக்கணும்னா ஓரத்துல தையலுக்குத் துணி விடணும்ல? கட்டிக்கும் தையலுக்கும் நடுவுல நல்ல சதை கொஞ்சமாவது வேணும். உங்களுக்குக் கீழே ஓரத்துணியே மிச்சமில்ல. ஆசைக்கு இழுத்துத் தைச்சா, தையலுக்குள்ளேயே கட்டியை விட்டுத் தைக்கிறேன்னு அர்த்தம்.

— அப்ப ரோபோ வராதா?

— வரும். வியாழக்கிழமை காலையில அந்த அறை உங்க பேர்ல இருக்கு. வயித்தை நீளமாக் கிழிக்கப் போறதில்ல. விரல் நுனி அளவுக்கு அஞ்சாறு துளை, அவ்வளவுதான். உள்ள நடக்கிற வேலை பூரா அது வழியாத்தான். எடுக்கிற துண்டு கீழ்ப்பக்கமா வெளியே வரும். வலி குறைவு, ரத்தம் குறைவு, சீக்கிரம் எழுந்து நடப்பீங்க. கீழே தைச்ச இடம் ஆற மட்டும் நாளாகும்.

— ஓட்டை சின்னது, எடுக்கிறது பெருசு. பெட்டிக்கடை ஜன்னல் வழியாக் கிடங்கையே காலி பண்ற மாதிரி. திருடன்கூட இவ்வளவு நாசூக்கா வரமாட்டான்.

— மாதாவே, டாக்டரைப் பார்த்து இவன் பேசுற பேச்சு.

— பரவாயில்ல தோனா வதீஹா. திருடின்னு என்னைக் கூப்பிட்டவங்க நிறையப் பேர் உயிரோட இருக்காங்க. அடுத்தது.

— அடுத்தது, வெட்டவே வேண்டாம். என் வாடிக்கைக்காரி ஒருத்தி, கல்யாண கவுனுக்கு லேஸ் எடுக்கிறவ. அவளுக்கும் இதே இடத்துலதான். கதிர் வெச்சாங்க, மருந்து ஏத்தினாங்க, கட்டி காணாமப் போச்சு. கத்தியே படல. மூணு மாசத்துக்கு ஒரு தடவை எட்டிப் பார்த்து அனுப்பிடுறாங்க. இந்தத் தடவை திரும்பி வந்தப்புறம் எனக்கும் கதிர் வெச்சீங்க. எனக்கும் மருந்து ஏத்தினீங்க. கை விரலெல்லாம் ஊசி குத்துற மாதிரி மரத்துப்போய் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். குளிர்ந்த பீர் கிளாஸைத் தொட முடியல. அதுக்கு ஒரு கழிவு கிடையாதா?

— கட்டி சுத்தமா மறைஞ்சிருந்தா நானே கத்தியை எடுத்திருக்க மாட்டேன். இந்த ஊர்ல எங்களுக்கு அது பழகின வழி. உங்களுக்கு அது சுருங்கிச்சு, மறையல.

— பாதி மறைஞ்சதுக்குப் பாதி விலை போடுங்க. பாதியை வெட்டுங்க.

— இதுல பாதி கிடையாது, செயு நசீப்.

— ஒண்ணுமே பண்ணாம இப்படியே எழுந்து போனா?

— அதுவும் உங்க இஷ்டம். நான் கட்டிவெச்சு அறுக்க முடியாது. கொஞ்ச காலம் ஓடும். அப்புறம் கட்டி வளர்ந்து வழியை அடைச்சுக்கும். வெளிக்குப் போக முடியாம வயிறு வீங்கி, யாரோ ஒரு அவசர டாக்டர்கிட்ட வந்து நிப்பீங்க. அவரும் வயித்துல ஓட்டை போட்டு இதே பையைத்தான் மாட்டுவார். கட்டி மட்டும் உள்ளேயே இருக்கும்.

— எந்தக் கதவைத் திறந்தாலும் இதே பைதான்.

— ஆமா. ஒரு கதவுக்குப் பின்னாடி மட்டும்தான் பையோட நீங்களும் இருக்கீங்க.

— அக்கா, பாத்தியா? இந்தம்மா நம்ம தெருவுல கடை போட்டிருந்தா நாம எல்லாரும் எப்பவோ பெய்ரூட்டுக்கே திரும்பியிருப்போம்.

— என்னைப் புதைக்கப் போறவனே, சரின்னு சொல்லேன்டா.

— அவங்க என்ன சொன்னாங்க இப்ப? புதைக்கிறதைப் பத்தி...

— கொஞ்சல் டாக்டரம்மா. எங்க ஆளுங்க அப்படித்தான் கொஞ்சுவாங்க. ‘நீ என்னைப் புதைக்கணும், உன் சாவை நான் பார்க்கக் கூடாது’ன்னு அர்த்தம். ஏழு வயசு மூத்தவ. நான் தொட்டில்ல கிடந்தப்பவே என்னை மயானத்துக்கு வேலைக்கு எடுத்துட்டா.

— நல்ல கொஞ்சல். அவங்க கேட்கிறதையே நானும் கேட்கிறேன்.

— கேட்பீங்க. உங்களுக்கென்ன? நியாயமா ஒண்ணு சொல்லட்டுமா? பையைப் பத்தி எனக்குப் பயமில்ல. நாத்தம், சத்தம், அதுகூட இல்ல. நான் கட்டிப்பிடிச்சு வியாபாரம் பண்றவன். வாசல்ல ஆள் நுழைஞ்சா ரெண்டு கையையும் விரிச்சுடுவேன். கட்டிப்பிடிக்காம ஒரு மீட்டர் லேஸ் வித்ததில்ல. கட்டிப்பிடிச்சாத்தான் எதிராளி மூச்சு தெரியும். வாங்குவானா, சும்மா பார்க்க வந்தானா, எவ்வளவு வரைக்கும் ஏறுவான், எல்லாம் நெஞ்சுல நெஞ்சு பட்டாத்தான். இனிமே நடுவுல ஒரு பை. எனக்கும் ஊருக்கும் நடுவுல.

— ஒரு சம்பாக் கூட்டத்துல பெரிய மத்தளம் அடிக்கிறவர் ஒருத்தர் என் நோயாளி. நாலு வருஷமாப் பை மாட்டியிருக்கார். அதுமேல மத்தளத்தைச் சாய்ச்சுக்கிட்டு ராவெல்லாம் அடிக்கிறார்.

— யாரு? எந்தக் கூட்டம்? என்கிட்டத்தான் துணி எடுப்பான்.

— சொல்ல மாட்டேன்.

— உயரமா, கறுப்பா, தங்கப்பல் கட்டினவனா?

— சொல்ல மாட்டேன்னு சொன்னேன். உங்ககிட்ட வாங்குறவர்னா நீங்க அவரையும் கட்டிப்பிடிச்சிருப்பீங்க. ஏதாவது தெரிஞ்சுதா?

— பதில் சொல்லுடா. கேக்குறாங்கல்ல.

— பேச்சை மாத்தாதீங்க ரெண்டு பேரும். இடது பக்கம்னீங்களே, அதைப் பேசலாமா?

— அதைப் பேசலாம்.

— நிஜமாவா?

— வெளியில நர்ஸ் பேனாவோட காத்திருக்காங்க. உங்களை நிக்கச் சொல்லி, உட்காரச் சொல்லி, குனியச் சொல்லி, பெல்ட் எங்க விழுது, மடிப்பு எங்க விழுதுன்னு பார்த்துட்டுத்தான் வயித்துல புள்ளி வைப்பாங்க. துணிக்கட்டை எந்தப் பக்கம் தூக்குவீங்க?

— இடது இடுப்புல. வலது கை கத்தரிக்கு வேணும்.

— அப்ப பெல்ட்டுக்கு மேலே, ரெண்டு விரல் உள்பக்கமாத் தள்ளி வைக்கச் சொல்றேன். கட்டை இடிக்காது.

— மூணு விரல்.

— நர்ஸ் பார்த்துட்டுச் சொல்லட்டும். முடிஞ்சா மூணு.

— பாத்தியா அக்கா? இறங்கினாங்க. இறங்குறவங்கதான். இன்னும் இறங்குவாங்க.

— இல்ல, செயு நசீப். இறங்குற இடத்துல இறங்கிட்டேன். மத்ததுல இறங்க எனக்கு இடமில்ல.

— அப்ப நான் கிளம்புறேன். அக்கா, என் கோட்டை எடு.

— எங்கடா போற? மழை தூறுது.

— எடுன்னா எடு. நன்றி டாக்டரம்மா. காப்பி நல்லா இருந்துச்சு.

— சரி.

— கதவுக்கிட்ட வந்துட்டேன்.

— தெரியுது.

— கைப்பிடியைப் பிடிச்சிருக்கேன்.

— கொஞ்சம் மேல தூக்கித் திருகணும். அது மக்கர் பண்ணும்.

— வந்து உட்காருடா. மானத்தை வாங்காதே.

— மானம் போனது இன்னைக்கு இல்ல அக்கா. போன வருஷம் போச்சு. இதே கதவு, இதே கைப்பிடி. இந்தம்மாவைக் கேளு. பை வராதுன்னு உறுதி கொடுங்கன்னு கேட்டேன். கொடுக்க மாட்டேன்னாங்க. எடுத்த கட்டியைச் சோதிச்சுப் பார்த்துட்டுத்தான் சொல்ல முடியும், ஒருவேளை பெரிய ஆபரேஷன் தேவைப்படலாம்னாங்க. நான் எழுந்தேன். மெதுவாத்தான் எழுந்தேன். தொப்பியைத் தேடினேன், தலையில இருந்த தொப்பியை. எங்க தெருவுல பிறந்த குழந்தைக்குக்கூடத் தெரியும், வாங்குறவன் எழுந்தா வாசப்படி தாண்டுறதுக்குள்ள கூப்பிடணும். தாண்டிட்டா மறுநாளாவது கூப்பிடணும். கூப்பிடாத கடைக்காரனுக்குச் சரக்கு மேலேயும் மதிப்பில்ல, வாடிக்கை மேலேயும் மதிப்பில்ல. நான் லிஃப்ட்டு வரைக்கும் போனேன். வந்த லிஃப்ட்டை விட்டேன். அடுத்ததையும் விட்டேன். இந்தம்மா கூப்பிடவே இல்ல.

— எங்கப்பா சந்தையில பஸ்டல் பலகாரம் பொரிச்சு வித்தவர். ஒகினாவாவிலேருந்து கப்பல்ல வந்தவர். வாங்குறவங்க திரும்பிப் போனா அடுத்த மாவை எண்ணெயில போடுவார். யாரையும் கூப்பிட்டுப் பழக்கமில்ல எங்களுக்கு.

— அப்ப சந்தை கலையிற நேரத்துல? அப்ப எல்லாரும் விலையை இறக்குவாங்களே? தக்காளிக்காரன் கூவிக்கூவிக் கொடுப்பானே? நான் அதுக்குத்தான் காத்திருந்தேன். பகல் ஏறட்டும், கூட்டம் குறையட்டும், அந்தம்மாவே கூப்பிடுவாங்கன்னு.

— தக்காளிக்கு அது சரி. கூடையில மிஞ்சினா அழுகிடும்னு விக்கிறவனுக்குப் பயம். இங்க கூடை உங்க உடம்பு, செயு நசீப். அழுகினது உங்க பக்கம்.

— நல்லாப் பேசுறீங்க. இந்தப் பேச்சுல ஒரு சொட்டு அன்னைக்குப் பேசியிருந்தா நான் திரும்பி வந்திருப்பேன். வேற ஆஸ்பத்திரிக்குப் போய் விசாரிச்சேன். அவன் எடுத்த எடுப்புலேயே பைன்னான். உங்க விலை மலிவுன்னு அங்கேயே தெரிஞ்சுபோச்சு. தெரிஞ்சு என்ன பண்ண? நானா வந்து நின்னா தோத்தவன். ஒரு வார்த்தை, ஒரே ஒரு போன். ‘நசீப், வாங்க, பேசிக்கலாம்.’ அதுக்கு என்ன செலவாகியிருக்கும் உங்களுக்கு? ஒரு மனுஷன் உயிரு உங்களுக்கு ஒரு போனுக்குப் பெறாமப் போச்சு. அப்படிப்பட்டவங்க கையில வியாழக்கிழமை நான் எதுக்குப் படுக்கணும்?

— கூப்பிட்டோம்.

— என்ன?

— உங்களைக் கூப்பிட்டோம். மூணு தடவை. ரெண்டு தடவை என் செக்ரட்டரி. மூணாவது நானே.

— எந்த நம்பருக்கு?

— நீங்க எழுதிக் கொடுத்த நம்பருக்கு. கடை நம்பர்னு போட்டிருந்தீங்க.

— யார் எடுத்தது?

— அதை நான் இன்னைக்குச் சொல்லியிருக்கக் கூடாதுன்னு தோணுது.

— டாக்டரம்மா, யார் எடுத்தது?

— ஒரு அம்மா. ‘வேற பெரிய இடத்துல பேசி முடிச்சாச்சு, அங்க இதைவிட நல்லபடியாச் செஞ்சு தர்றாங்க’ன்னு சொன்னாங்க. இந்தக் கோடைக் கடைசியில நீங்க ரத்தப்போக்கோட திரும்பி வந்தப்ப, அந்த இடம் சரிப்படலபோலன்னு நினைச்சுக்கிட்டேன். நோயாளியைக் குத்திக் காட்டுற மாதிரி ஆயிடும்னு கேட்கல. கேட்டிருக்கணும். நான் பக்கத்து வார்டுல ஒருத்தரைப் பார்த்துட்டு வந்துடுறேன். வியாழக்கிழமையை விட்டா கதிர் வெச்ச இடம் இறுகிப்போகும், வேலை இன்னும் கஷ்டமாகும். அதையும் சொல்லிட்டுப் போறேன். தோனா வதீஹா, அந்த மேசையில தண்ணி இருக்கு.

— நன்றி, டாக்டர்... கதவைச் சாத்திட்டுப் போயிட்டாங்க. திரும்புடா. என்னைப் பாரு.

— நீதானா அக்கா?

— அந்தக் கடையில வேற எவ போன் எடுப்பா?

— அம்மா பேர்ல ஆணை?

— யார் பேர்லயும் ஆணை வேண்டாம். நான்தான். நாப்பது வருஷமா அப்படித்தானே நடக்குது? துணி மில்காரன் கூப்பிட்டா நான் எடுக்கணும். முதலாளி இல்ல, கேட்டுச் சொல்றேன்னு சொல்லணும். நீ என் பக்கத்துலேயே நிப்ப, பேச மாட்ட. விலை சொல்றவன் முதலாளியோட குரலைக் கேட்டுட்டா இறங்க மாட்டான்னு நீதானே சொல்வ? நான் எப்பவும் போலப் பண்ணினேன்.

— மில்காரன் இல்ல அது.

— எனக்கு என்னடா தெரியும்? நீ வீட்டுக்கு வந்து என்ன சொன்ன? ‘சின்னக் கட்டி, விலை பேசிட்டிருக்கேன், அவங்களே கூப்பிடுவாங்க, அவசரப்படாதே’ன்னு சொன்ன. ஜிகினா வாங்கப் போன மாதிரி சொன்ன. வாயைத் திறந்து புத்துநோய்னு ஒரு வார்த்தை சொல்லல. அதைத் திரும்ப இங்க வந்தப்பத்தான் நான் கேட்டேன், அதுவும் நர்ஸ் வாயால.

— மூணு தடவையும் அதையேவா சொன்ன?

— முதல் தடவை, யோசிச்சிட்டிருக்கான்னேன். ரெண்டாவது, வேற இடத்துல நல்ல விலை வந்திருக்குன்னேன். மூணாவது... வேண்டாம் விடு.

— சொல்லு.

— மூணாவது இந்தம்மாவே பேசினாங்க. குரல் இறங்கியிருந்துச்சு. கெஞ்சலா இல்ல, ஆனா இறங்கியிருந்துச்சு. எனக்குக் குரல் தெரியும்டா. குரல் இறங்கினா விலையும் இறங்கும், இன்னும் ஒரு தடவை விட்டா நீ கேட்ட உறுதியைக் கொடுத்துடுவாங்கன்னு நினைச்சேன். பேசி முடிச்சாச்சுன்னு சொல்லி வெச்சுட்டேன். நாலாவதா கூப்பிடுவாங்கன்னு போன் பக்கத்துலேயே உட்கார்ந்திருந்தேன். சாப்பாட்டைக்கூட அங்கேயே எடுத்துக்கிட்டு வரச் சொன்னேன். வரல.

— அப்புறம் ஏன் என்கிட்டச் சொல்லல?

— முதல்ல, ஜெயிச்சப்புறம் சொல்லலாம்னு. அப்புறம் நீ துணியைத் துவைக்கிறதை ஒளிச்சு ஒளிச்சுப் பண்ண ஆரம்பிச்ச. ரத்தம்னு புரிஞ்சுது. சட்டையைப் பிடிச்சு இங்க இழுத்துக்கிட்டு வந்தேன். அந்தப் போன் கதையை மட்டும் முழுங்கிட்டேன். சொன்னா நீ செத்துப்போவியோன்னு பயமில்ல. சொன்னா நீ உயிரோட இருந்து தினம் என்னைப் பார்ப்பியே, அந்தப் பயம்.

— ஒரு வருஷமா ஒரே மேசையில சாப்பிட்டோம்.

— ஆமா. உனக்குப் பிடிச்ச மாதிரி கிப்பே உருண்டைக்குக் கறியை நானே இடிச்சுப் போட்டேன். வேற என்ன பண்ணத் தெரியும் எனக்கு? ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் மாதா கோவில்ல மெழுகுவத்தி ஏத்தினேன். மாதாகிட்டக்கூட முழுசாச் சொல்லல. அவளும் போன் எடுக்கிறவ மாதிரிதான், கேட்டுச் சொல்றேன்னு நிக்கிறா.

— சிரிக்க வைக்காதே அக்கா. கோபமா இருக்கேன்.

— கோபப்படு. நல்லாக் கோபப்படு. என்னைக் கடையை விட்டுத் துரத்து, சாவியைப் பிடுங்கிக்கோ, மாடி அறையைப் பூட்டிக்கோ. நான் ஸாந்தோஸ்ல சித்தி மகள் வீட்டுக்குப் போயிடுறேன். கேட்கிறதெல்லாம் ஒண்ணுதான். வியாழக்கிழமை படு.

— அதை ஏன் நீ சொல்ற?

— பின்ன யாரு சொல்வா? அந்தம்மா கூப்பிடலன்னுதானே வீம்பு புடிச்சிட்டிருந்த? கூப்பிட்டிருக்காங்க. உன் மானம் முழுசா இருக்கு. போனது என்னால. இப்ப எழுந்து போனா யாரைத் தோக்கடிக்கப் போற? அவங்களையா? அவங்க அடுத்த ஆளைப் பார்க்கப் போயிட்டாங்க. என்னைத்தான் தோக்கடிப்ப. உன்னை மண்ணுல வெச்சுட்டு வந்து, அந்தப் போனுக்கு எதிர்ல நான் உட்காரணுமாடா? அது அடிக்கிறப்பெல்லாம் எடுக்கணுமா?

— எடுக்காதே.

— வியாபாரம் யாரு பார்ப்பா?

— நீ அழுவுற.

— அழல. மழைக்குச் சளி.

— உள்ள எங்க மழை?

— மூஞ்சியைத் திருப்பிக்கோ அப்ப. திருப்பிக்கோன்னு சொன்னேன்ல. நசீபு, ஒரு தடவை கேட்கிறேன், நேராச் சொல்லு. என்னை மன்னிக்க வேண்டாம். என் முகத்துல முழிக்க வேண்டாம். உன்னைக் கொன்னவ நான்னு தெருவெல்லாம் சொல்லு, நானும் ஆமான்னு தலையாட்டுறேன். படுப்பியா, மாட்டியா?

— நீ எதுக்குக் கொன்னவ ஆகணும்?

— பின்ன? போனை எடுத்தவ நான். பொய் சொன்னவ நான். உனக்குத் தெரிஞ்சிருந்தா ஓடி வந்திருப்ப. ஒரு கீறல் இல்லாம, மறுநாள் வீட்டுல இருந்திருப்ப.

— தெரிஞ்சிருந்தா ஓடி வந்திருப்பேன்னு நினைக்கிற.

— வராம? எந்த மடையன் வரமாட்டான்?

— பயந்த மடையன். உட்காரு அக்கா, கையைக் கொடு. நர்ஸை உள்ளே வரச் சொல்லு, வந்து புள்ளி வெச்சுட்டுப் போகட்டும், வியாழக்கிழமை படுக்கிறேன். ஆனா அந்தக் கணக்கை நீ ஒருத்தியே சுமந்துக்கிட்டு ஸாந்தோஸுக்கும் போக வேண்டாம், மாதாகிட்டயும் போக வேண்டாம்: அந்தம்மா கூப்பிட்டது மூணு, கீழே கல்லாவுல நீ சொன்ன பொய் மூணு, மாடிக் கிடங்குல அதே லைனோட இன்னொரு ரிசீவரைக் காதுல வெச்சு, மூச்சை அடக்கிக்கிட்டு, அக்கா சொல்றபடியே போகட்டும்னு நான் கேட்டுக்கிட்டு நின்னதும் மூணு.